கொட்டியாச்சு

குண்டசாலை,
2008 ஓகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கமலாசனிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

குவைத்தில் நீயும், நீ வளர்க்கிற அந்த வீட்டுப் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கதிர்காமக் கந்தன் துணை நிற்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்கியவள் நான், எனக்கே இன்று அந்த வரி எழுத வரவில்லை. நீ கையில் வேலை ஏதும் வைத்திருந்தால் முடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து இதைப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி ராசு உயிரோடு இருக்கிறான், நான் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதை மனதில் பிடித்துக்கொண்டு மற்றதைப் படி.

போன வெள்ளிக்கிழமை நீ எத்தனை முறை போன் எடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். போனை அணைத்து அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறோம். ராசுவின் போன் பொலிஸில் இருக்கிறது. யார் எங்கே இருந்து கேட்கிறார்கள் என்று தெரியாமல் அந்தச் சாமானைக் காதில் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்களோ என்ற பயம் வேறு. நல்ல காலம், தம்பி வேலை செய்கிற ஹார்ட்வெயார் கடை முதலாளி ஜவாஹிர் நானாவின் மகள் றமீலா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள். இந்தக் கடிதத்தை அவள் நேரே உன் கையில் தருவாள். அவளை நிற்க வைத்துப் பேசாமல் ஒரு பிளேன்டியாவது கொடுத்து அனுப்பு, இந்த நேரத்தில் நம் கடிதத்தைச் சுமந்து எயார்போர்ட்டைத் தாண்டுவது சின்னக் காரியம் இல்லை.

பொலிஸில் ஜவாஹிர் நானா விசாரித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன், நடந்தது இதுதான். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் நம் வீட்டு மேல்தள ஸ்லெப்புக்குக் கொங்கிரீட் கொட்டினோம். மேசன் சுமனபால பாஸ் விடியவே ஆட்களோடு வந்துவிட்டார், மழை வருமோ வருமோ என்று எல்லோரும் ஹந்தானை மலைப் பக்கமே பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள், மத்தியானத்துக்கு முன்னால் ஒரு சொட்டு மழை இல்லாமல் வேலை முடிந்தது. அப்பா வெற்றிலை வைத்துக் கும்பிட்டார். ராசுவுக்குத் தரையில் கால் இல்லை. கடையில் இரவல் வாங்கிய சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் பின்னேரம் கண்டிக்குப் போனான், போய்விட்டு வரும்போதுதான் பஸ்ஸில் உன் போன் வந்தது. பஸ்ஸில் நல்ல சனம், லைன் வேறு சரியில்லை. நீ ஸ்லெப் வேலை என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாய், அவன், கொட்டியாச்சு அக்கா என்று சொல்லியிருக்கிறான். உனக்குக் கேட்கவில்லை. என்ன, என்ன என்று நீ கேட்க, அவன் இன்னும் சத்தமாக, கொட்டியாச்சு, கொட்டியாச்சு, நாலு பேர் வந்தாங்க, விடியவே கொட்டியாச்சு, இனி ஒண்ணும் பயமில்லை என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு லைன் அறுந்தது உனக்கே தெரியும்.

சிங்களத்தில் கொட்டியா என்றால் புலி. புலி என்றால் காட்டில் இருக்கிற புலி இல்லை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த ஒரு சொல் மட்டும்தான் விளங்கியிருக்கிறது. ஒரு தமிழ்ப் பையன், போனில், சத்தம் போட்டு, புலி புலி புலி என்கிறான், சிரிக்கிறான். யாரோ போய் கண்டக்டரின் காதில் சொல்ல, அவர் டிரைவரிடம் சொல்ல, டிரைவர் நடுவில் எந்தத் தரிப்பிலும் நிறுத்தாமல் நேரே தென்னகும்புர பாலத்துச் செக் பொயின்ட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இறங்க வேண்டிய சனம்கூட வாய் திறக்கவில்லையாம். இவன் மட்டும்தான் ஒன்றும் விளங்காமல், இன்றைக்கு பஸ் நல்ல வேகம் என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்தச் சனத்தை நான் திட்ட மாட்டேன் மகள். பஸ்ஸில் குண்டு வைக்கிறவன் உள்ளே இருப்பது யார் என்று பார்த்து வைப்பதில்லை, அவர்களும் காலையில் பிள்ளையை பஸ் ஏற்றிவிட்டு, பின்னேரம் வந்து சேரும் வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவர்கள்தான். அவர்கள் பயம் நம் பிள்ளையின் தலையில் இறங்கிவிட்டது.

இதில் உன் பிழை ஒன்றும் இல்லை. நீ என்ன என்ன என்று கேட்டதால்தானே அவன் திரும்பத் திரும்பச் சொன்னான் என்று உன் புத்தி போகும், நீ அப்படித்தான் யோசிப்பாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பது குற்றம் என்றால் ஊரில் யாரும் வெளியே நடமாட முடியாது. பிழை சொல்லில்கூட இல்லை. மழை கொட்டும், மேளம் கொட்டும், கண் கொட்டாமல் பார்ப்போம் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்று ஒரு பழமொழியும் சொல்லிக் கொடுத்தேன். இப்போது நாங்கள் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறோம், ஆனால் ஒன்றையும் திருடவில்லை.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் பொலிஸ்காரர் ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் பின்னால் குழாயடியில் இருந்தேன், அப்பாதான் வாசலுக்குப் போனார். ராசு பிடிபட்டது எங்களுக்கு அதுவரை தெரியாது. வந்தவர்கள் சிங்களத்தில், உங்கள் ஆட்கள் யாரும் வெளிநாட்டில் இருக்கிறார்களா, மகன் வெளிநாட்டுக்கு யாரோடு பேசுகிறவன் என்று கேட்டிருக்கிறார்கள். நம் சனத்துக்குப் பொலிஸைக் கண்டால் முதலில் வாயில் வருவது என்ன என்று உனக்குத் தெரியும். தன்னே நே சேர். தெரியாது ஐயா. தோட்டத்தில் கங்காணி கேட்டாலும் தெரியாது, துரை கேட்டாலும் தெரியாது, பொலிஸ் கேட்டால் சொல்லவே வேண்டாம், பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்து அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் உயிர் பிழைத்து வந்திருக்கிறோம். அப்பாவும் அதையே சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளிநாட்டில் எங்களுக்கு யாரும் இல்லை, இவன் ஒருத்தன்தான் பிள்ளை என்றும் சொல்லிவிட்டார்.

நீ இதைப் படித்து அழக்கூடாது. உன் பேர் அவர்கள் புத்தகத்தில் ஏறக்கூடாது, நாளைக்கு நீ லீவில் வந்து இறங்கும்போது எயார்போர்ட்டிலேயே உன்னைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த மனுஷன் பெற்ற பிள்ளையை இல்லை என்றார். ஆனால் அங்கே ஸ்டேசனில் ராசு, குவைத்தில் இருக்கிற அக்காவோடுதான் பேசினேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். மகன் அக்கா இருக்கிறாள் என்கிறான், தகப்பன் மகளே இல்லை என்கிறார், அப்படியானால் குவைத்தில் இருப்பது யார் என்று கேள்வி வந்துவிட்டது. ஒரு சொல்லில் பிடித்த நெருப்புக்கு அப்பா மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டார். நான் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வாய் எடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் ஸ்டேசனுக்குப் போனேன். ஜவாஹிர் நானாவும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார். நீங்க பயப்புட வாணாம் டீச்சர், நான் சிங்களத்துல பேசுறேன் என்றார், ஆனால் அவர் சட்டை முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அந்த ஸ்டேசன் வாசலில் மூன்று மொழியிலும் பெரிய போர்ட் வைத்திருக்கிறார்கள். சிங்களம் சரி, இங்கிலீஷ் சரி, தமிழில் மட்டும், இங்கு தமிழ் மொழியில் சேவல் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. சேவைக்குப் பதில் சேவல். வேறு நாளாக இருந்தால் உனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். நான் கோழி கேட்டா போனேன், மகனைக் கேட்டுப் போனேன். உள்ளே போனால் தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை, தெரிந்த ஒரே கொன்ஸ்டபிளை மட்டக்களப்புப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். தமிழும் அரச கரும மொழி என்று சட்டம் போட்டு இருபது வருஷம் ஆகிறது, அந்தப் பாடத்தை நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்து மார்க்ஸும் போட்டேன். சட்டம் போர்டு வரைக்கும் வந்திருக்கிறது, மேசை வரைக்கும் வரவில்லை.

பெரிய ஐயா ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். வயது ஐம்பது இருக்கும், கெட்ட முகம் இல்லை. ஜவாஹிர் நானா கொட்டுதல் என்றால் தமிழில் இன்னது என்று சொல்லிப் பார்த்தார். ஐயாவுக்கு விளங்கவில்லை, எழுதி வைத்திருப்பதைக் காட்டிக் காட்டி கொட்டியா, கொட்டியா என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வர வர எனக்கு உடம்பெல்லாம் பதறியது. அந்தப் பதற்றத்தில் என்ன செய்தேன் தெரியுமா, என் கைப்பையைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து அவருடைய மேசையில் அப்படியே கொட்டிவிட்டேன். பிரஷர் குளிசை, சில்லறைக் காசு, திருநீற்றுப் பொட்டலம், மூக்குக் கண்ணாடி, வீட்டுச் சாவி எல்லாம் சிதறி ஓடியது. வாசலில் நின்ற பையன் துவக்கைத் தூக்கிவிட்டான். ஜவாஹிர் நானா கதிரையோடு பின்னால் போனார். நான், "கொட்டியாச்சு. சேர், இதுதான் கொட்டியாச்சு. சிமெந்து, மணல், கல். வீட்டுக்கு மேலே கொட்டியாச்சு" என்று தமிழில் கத்தினேன்.

பிறகு ஐயா குனிந்து தரையில் உருண்ட குளிசையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது மகள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் நானாவிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டபோது அது திரிந்துபோனது. எனக்கு விளங்குது, ஆனா எழுதியாச்சு, மேலே அனுப்பியாச்சு, எழுதின சொல்லை இப்ப நான் அழிச்சா என் வேலை போயிரும் என்றாராம். அவசரகாலச் சட்டத்தில் பிடித்த ஆளை விடுவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லையாம், பிடிப்பதற்கு மட்டும் இருக்கிறதாம். போன வியாழக்கிழமை உன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். மகள் இருக்கிறாள், சரி, அன்று அவளோடுதான் பேசினான் என்பதற்கு என்ன சாட்சி என்றார். யோசித்துவிட்டு, ராசுவின் போனில் இருக்கிற குவைத் நம்பருக்கு நாங்களே எடுத்துக் கேட்கிறோம், அக்கா சொல்வதும் தம்பி சொன்னதும் ஒன்றாக இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் எழுதலாம், இல்லாவிட்டால் பைல் கொழும்புக்குப் போகும், ஆளும் போவான் என்றார். அனுமதி எடுத்து வருகிற புதன், வியாழன் போல்தான் பேசுவார்களாம்.

அன்றைக்குத்தான் ராசுவைப் பார்க்க விட்டார்கள். உள்ளே ஒரு நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தான், தாடி முளைத்து, கொங்கிரீட் அன்று போட்ட அதே சாரமும் சட்டையும், சிமெந்து இன்னும் முழங்கையில் காய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் ஆள் நின்றதால் தமிழில் பேச எங்கள் ரெண்டு பேருக்குமே நாக்கு எழவில்லை. சாப்பிட்டியா என்றேன், தலையை ஆட்டினான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகவே, அடிக்கல்ல அம்மா என்றான். கேட்காமலே அவன் அதைச் சொன்னதில் இருந்துதான் எனக்கு நித்திரை இல்லை. வரும்போது அக்காவுக்கு விசயம் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். சொல்ல வாணாம், வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா என்றான். நான் இதோ சொல்லிவிட்டேன், நீ ஓடி வந்துவிடாதே. நீ அங்கே இருந்தால்தான் அவனுக்குச் சாட்சி. இங்கே வந்து இறங்கினால் நீயும் ஒரு கேள்வியாகிவிடுவாய்.

நம் எம்பியிடமும் போனேன், போகாமல் இருப்பேனா. தேர்தலுக்கு ஹேவாஹெட்டைக்கும் தெல்தோட்டைக்கும் தோட்டத்து லயம் லயமாக வந்து, உங்க வீட்டுப் பிள்ளை நான் என்று சொன்னவர்தானே. காரியாலயத்தில் செக்ரட்டரி தம்பிதான் இருந்தார். நான் தமிழில் எழுதிக் கொண்டுபோன மனுவை வாசித்துவிட்டு, டீச்சர், இதைச் சிங்களத்தில் எழுதிக் கொண்டு வந்தால் அமைச்சுக்கு அனுப்ப வசதியாக இருக்கும் என்றார். தமிழ் ஓட்டில் பாராளுமன்றம் போனவரின் காரியாலயத்தில் தமிழில் மனு செல்லாது. மாதா மாதம் இந்த அவசரகாலச் சட்டத்தை நீடிக்கக் கை தூக்குகிறார்களே, அன்றைக்கு இவர் எந்தப் பக்கம் என்று கேட்டேன். வாக்கெடுப்பு நேரம் ஐயா தேத்தண்ணிக்கு வெளியே போயிருவார் என்று அந்தப் பையன் பெருமையாகச் சொன்னான். அவர் குடிக்கிற தேத்தண்ணிக்குக் கொழுந்து பறித்தவளின் பேரன்தான் உள்ளே கிடக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகு அதுக்கும் பயம், இதைக் கேட்டு வேறு ஏதும் செய்வார்களோ என்று. உன் தாத்தாவுக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை என்று ஒரு சட்டம் சொன்னது, அவர் செத்து எத்தனையோ வருஷம் கழித்து எங்களுக்கு உண்டு என்று இன்னொரு சட்டம் வந்தது. அன்றைக்கு நான் பாயாசம் வைத்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஓட்டுப் போடலாம், இனி நாமும் ஆட்கள் என்று நினைத்தேன். ஆளாக இருப்பதும் பஸ்ஸில் வாய் திறப்பதும் வேறு வேறு என்று யாரும் எழுதித் தரவில்லை.

சுமனபால பாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று காலையில் ஸ்லெப் போட்டது உண்மை என்று ஸ்டேசனில் வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் பதில் சொல்ல முன்னால் உள்ளே இருந்து அவர் மனைவி வேண்டாம் என்று சொன்னது கேட்டது. புலிக்குச் சாட்சி சொன்னவர் என்று ஊருக்குள் பேர் வந்தால் அந்தப் பெண்தானே கடைக்குப் போக வேண்டும், நான் திரும்பி வந்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்து பாஸ் தானாகவே போய், நான்தான் கொங்கிரீட் போட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டு வாசலுக்கு வராமல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் போனதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் நோனா என்றார். அவர் கண்ணிலும் நம் வீட்டுப் பயமே இருந்தது. அந்த மனுஷனுக்கு நாம் ஆயுசுக்கும் கடமைப்பட்டவர்கள்.

அப்பா ஸ்டேசன் பக்கம் வரவே இல்லை. விடிந்தால் ஏணியில் ஏறி ஸ்லெப்புக்குத் தண்ணீர் விடுகிறார். கொங்கிரீட் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று பாஸ் சொன்னது உண்மைதான், ஆனால் காலையிலும் பின்னேரமும் விட்டால் போதும், இவர் மழை பெய்யும்போதும் மேலே நின்று தண்ணீர் விடுகிறார். நேற்று அடுப்படியில் அரிசியை உலையில் கொட்டுங்க என்று நான் சொன்னேன், ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம். அதற்குப் பிறகு அரிசியைப் போடுங்க என்றுதான் சொல்கிறேன். பாவம், பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்ன வாய் என்று அவர் தன் வாயையே நம்புகிறதில்லை. இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்று சொன்னேன், அவர் பங்குக்கு என்ன எழுத என்று கேட்டேன். உன் கலியாணத்துக்கென்று மேலே ஒதுக்கியிருக்கிற அறை இருக்கிறதே, அதன் ஜன்னல் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று மகளைக் கேள் என்றார். அவருக்கு அவ்வளவுதான் மன்னிப்புக் கேட்கத் தெரியும். நீ பதில் எழுதும்போது ஜன்னலைப் பற்றி ஒரு வரி மறக்காமல் எழுது.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கவனமாகக் கேள். உன் போனை ராத்திரி பகல் அணைக்காதே, வீட்டு மேடத்திடம் அழுதாவது கையோடு வைத்துக்கொள்ள அனுமதி கேள். தெரியாத நம்பர் வந்தாலும் எடு. சிங்களத்தில் ஒரு ஆள் கடுமையான குரலில் பேசுவார். கையும் காலும் நடுங்கும், நடுங்கட்டும். ஆனால் நம் வீட்டுப் பழக்கத்தில் தன்னே நே என்று மட்டும் உன் வாயில் வந்துவிடக் கூடாது. தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நான் பேசவில்லை, எனக்குத் தெரியாது என்று நீ சொன்னால் அவனை நீயே கொழும்புக்கு பஸ் ஏற்றியது மாதிரி. பேசினேன், அவன் என் தம்பி, ஸ்லெப் போட்ட வெள்ளிக்கிழமை நான்தான் எடுத்தேன், வீட்டு ஸ்லெப்பைப் பற்றிக் கேட்டேன் என்று நேராகச் சொல். மல்லி கிவ்வே கொங்கிரீட் தெம்மா கியலா, கொங்கிரீட் போட்டாச்சு என்றுதான் தம்பி சொன்னான் என்று. பல்லேகல கார்மெண்ட்ஸில் நீ பழகிய சிங்களம் எனக்கு இருப்பதைவிட நல்ல சிங்களம், அது இன்றைக்கு உதவட்டும். தமிழில் அவன் என்ன சொன்னான் என்று கேட்டாலும் மறைக்காமல் அந்தச் சொல்லையே சொல், அதற்கு இதுதான் அர்த்தம் என்றும் சொல். அப்பா ஏன் மகள் இல்லை என்றார் என்று கேட்டால், பயத்தில் சொல்லியிருப்பார் சேர் என்று சொல். அது பொய் இல்லை. பேசி முடித்த பிறகு எங்களுக்கு உடனே எடுக்காதே, றமீலாவிடம் சொல், அவள் தன் வாப்பாவுக்குச் சொல்லுவாள், அது போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டே வேலை செய்து அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பயப்படுத்தாதே. கந்தன் உன்னையும் தம்பியையும் ஒரே கூரைக்குக் கீழே எனக்குக் காட்டுவான், நூறு வயது வரை ரெண்டு பேரும் நல்லாய் இருக்க வேண்டும் என்று திருநீறு எடுத்து உன் படத்துக்குப் பூசியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இது எல்லாம் ஒரு முடிவுக்கு வந்த பிறகு அலுமாரிக்குள் இருக்கிற போனை எடுத்து வெளியே வைப்பேன், நீயும் பழையபடி வெள்ளிக்கிழமையில் எடுப்பாய். அப்போது நான் சிங்களத்தில் பேசினால் மனம் நோகாதே, நீயும் சிங்களத்திலேயே பேசு. எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம், நீ சொல்வதில் பாதி எனக்கு விளங்காது, நான் சொல்வதைக் கேட்டு நீ சிரிப்பாய், பரவாயில்லை, நீ சிரிக்கிற சத்தம் கேட்டால் போதும். யோசித்து யோசித்துப் பார்த்தேன் மகள், நம் சொல்லில் எதைப் பயமில்லாமல் சொல்லலாம் என்று. ஒன்று இருக்கிறது. சிங்கள ஆட்களும் பெற்றவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். போனில் அதை மட்டும் நீ தமிழிலேயே சொல்லலாம், ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். லைன் சரியில்லை என்றால் சத்தம் போட்டே சொல், எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா